ஞானரட்ணம் வாத்தியாரோட ரேடியோ

...அதுக்குத்தான் நான் அப்பவே சொன்னேன் கஸ்பர் தம்பி, வாத்தியாருன்னா ஒரு பெரம்பு, ஒரு கரும்பலக, அதுக்கு மேல என்னத்துக்குங்கிறேன்? கேட்டாத்தானே! எங்க தோட்டத்துப் பள்ளிக்கூட ஞானரட்ணம் வாத்தியாரு இந்தப் பொட்டிய இதே ஹட்டன்ல வாங்கி, பஸ்ஸ விட்டெறங்கி மூணு மைலு மேட்டுல சொமந்துக்கிட்டு வந்தாரு பாருங்க... கைப்புள்ளயாட்டம்! கோட்டக் கழட்டி அதுக்குப் போத்திட்டு அவரு நனையுறாரு! மெதுவா வைங்க, மெதுவா. ஆமா, பாடல. நேத்துலேருந்து ஒரு முக்கல் மொனகல் கூட இல்ல.

தொறக்க அவசரப்படாதீங்க தம்பி. மொதல்ல வெளிய பாருங்க. வெளியவே பழுது இருக்கலாமில்ல?

இது பாடுறதுக்குன்னு வாத்தியாரு சவுக்கு மரத்துக்கு ஒரு கம்பி இழுத்துக் கட்டுனாரு. லயத்துப் பொம்பளைங்க அதுல துணி காயப்போட்டுட்டாளுக, அதுக்கு ஒரு சண்ட! அப்பறம் பத்து மணிக்கு நாலு கிளாஸ் புள்ளைங்களையும் ஒண்ணா உக்கார வச்சு, இதத் திருகுனாரு. உள்ளேருந்து ஒருத்தரு, "வணக்கம் பிள்ளைகளே"ன்னாரு. அம்புட்டும் எந்திரிச்சு, "வணக்கம் சார்!" வாத்தியாரு உக்காருங்கன்னா ஒண்ணும் உக்காரல... பொட்டிக்குள்ள இருக்கிற சாரு இன்னும் சொல்லலையாம்! இந்தக் கூத்து எங்கயாவது உண்டா?

எனக்கு எப்படித் தெரியும்னா... நான் ஸ்டோருல தேயில காய வைக்கிற அடுப்புக்காரன். வேல மாத்தி வெளிய வந்தா, பள்ளிக்கூடத்துச் சன்னல் வழியிலதானே இருக்கு. சும்மா நிப்பேன். ஒருநா, ரெண்டு நா... தெனமுந்தான்னு வச்சுக்கங்களேன். திமிங்கிலம் முட்ட போடாதாமே தம்பி, குட்டி போடுமாமே! உங்களுக்குத் தெரியுமா அது?

ஐய, ஆணியக் கழட்டுறீங்களே... பொறுங்க. நாளைக்கு இன்ஸ்பெக்டரு வர்றாரு. அவரு முன்னால இது பேசணும், புள்ளைங்க பதில் சொல்லணும். அவரு மனசு குளுந்தாத்தான் அஞ்சாங் கிளாஸ் வைக்கச் சொல்லி எழுதுவாரு. இல்லாட்டி எங்களுக்கு நாலோட சரி. எம்மக பேச்சியம்மா இப்ப நாலு. தை பொறந்தா, விடியக்கால வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுல பேரக் குடுத்துட்டு கொழுந்துக் கூடைய மாட்டிக்க வேண்டியதுதான்.

நேத்து இது பேசலன்னதும் வாத்தியாரு என்ன பண்ணாருங்கிறீங்க? புள்ளைங்க முன்னால நின்னு, "நான்தான் சரியாப் பாத்துக்கல, மன்னிச்சிருங்க"ன்னுருக்காரு. வாத்தியாரு! புள்ளைங்ககிட்ட! எம்மக சோறு திங்காம அழுவுறா. "சார் மேல தப்பில்லப்பா, தப்பில்லப்பா"ங்கிறா. அதான், பொட்டிய நான் கொண்டு போறேன் சார்னு நானே வாங்கிட்டு வந்தேன்...

கழட்டிட்டீங்களா.

என்ன மோந்து பாக்குறீங்க? தேயிலயா? மலையில எதுதான் தேயில மணக்காது! எஞ்சட்டைய மோந்து பாருங்களேன். ...உள்ளேருந்து கொட்டுதா? அது... காத்துல பறந்து... 

சரி, சரி. அப்படிப் பாக்காதீங்க.

பனி தம்பி. ஒரு வாரமாப் பனி. பொட்டிக்குச் சளி புடிச்ச மாதிரி கொர்ரு கொர்ருன்னு இழுத்துச்சு. அந்தத் திமிங்கிலத்துக்கு அப்பறம் ஒரு பாடம் உருப்படியாக் கேக்கல. ஈரந்தான்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. இருவது வருசமா ஈரத்தோடதானே எம்பொழப்பு! எங்க தோட்டத்துல எது நனஞ்சாலும் எங்கிட்டத்தான் வரும். கணக்கப்பிள்ள சப்பாத்து, மல மேப்பாக்குற கண்டாக்கையா கோட்டு, காளியாயி மக கல்யாணச் சீல... எல்லாம் மொறுமொறுன்னு திருப்பிக் குடுத்த கை இது. ஞாயித்துக்கெழம வாத்தியாரு பூசைக்குப் போயிட்டாரு. பள்ளிக்கூடத்துச் சாவிய எங்க லயத்துக் காம்பராவுலதான் குடுத்துட்டுப் போவாரு. அடுப்புல ஒரு தட்டக் காலி பண்ணி, நட்ட நடுவுல வச்சேன். நல்ல ரகத் தேயிலைக்கு வைக்கிற சூடுதான், சத்தியமா ஒரு பொட்டு கூடுதல் இல்ல! எடுக்கயில மணக்க மணக்க இருந்துச்சு. பாடத்தான் மாட்டேன்னுருச்சு.

உருகிருச்சா? என்னது, மெழுகா? ரேடியோவுக்குள்ள மெழுக எவன் வைக்கச் சொன்னான்?

ஆங்? மாத்திரலாமா? சாயந்தர பஸ்ஸுக்குள்ளயா? அட எஞ்சாமி! நீங்க நல்லாருக்கணும்!

தம்பி... என்ன பழுதுன்னு வாத்தியாருக்கு ஒரு துண்டுல எழுதிக் குடுங்க. "ஈரம்"னு போடுங்க. பாதி நெசந்தானே. போட்டுட்டீங்களா?

...வேணாம். அடிச்சிருங்க அத. எனக்கு எழுத்து தெரியாது; வாத்தியாருகிட்டக் குடுக்கு முன்ன அந்தத் துண்ட பேச்சியம்மாதான் எனக்கு வாசிச்சுக் காட்டுவா. அவ வாயால அந்தப் பொய்ய நான் கேக்கணுமா? "வாத்தியாரு மேல தப்பில்ல"ன்னு மொதல்ல போடுங்க. கொட்டையாப் போடுங்க. அதுக்குக் கீழ, "அடுப்புக்காரன் ஆண்டியப்பன் அடுப்புல வச்சுப்புட்டான்"னு போடுங்க.

எம்புட்டு நேரம் வச்சேனா? முக்கா மணி...

இருங்க, இருங்க. எழுதிராதீங்க. அர மணின்னு போடுங்க தம்பி.