அஞ்சு அங்குலச் சதுரம்

— ஃபஹத், திரும்ப அளந்து சொல்லு. அஞ்சங்குல அச்சுல வெட்டுன துணி எப்படிடா நாலே முக்காலா வரும்?

— ஒரு பக்கம் சரியா அஞ்சு, லாத்தா. இன்னொரு பக்கம்தான் நாலே முக்கால். மூணு தடவ வெட்டிட்டேன். நான் படுற பாட்டைப் பாத்து ஷார்ஜா கடைக்காரரே டீ வாங்கிக் கொடுத்துட்டாரு.

— தம்பி, உங்க அக்காகூட தைக்கிற கயல் பேசறேன். கால் அங்குலம் தப்புனா துண்டுத்துணிப் போர்வைல ஒரு மூலைகூட சேராதுப்பா.

— கயலு, என் பெருவிரலைப் பாரு, வீங்கி எலந்தப்பழமா நிக்குது. கத்திரியத் தொடாதன்னுட்டாரு டாக்டர். கும்பகோணத்துக்கு நாப்பது போர்வை தைக்கணும். இன்னைக்குத் துணி வெட்டுற மெஷின் அமையலன்னா ஆர்டர் வேற ஆளுக்குப் போயிடும்.

— பெரிய கரண்ட் மெஷின் எடுக்கவா, லாத்தா? இருபத்தஞ்சு கிலோ. ஃப்ளைட்ல என் பெட்டிக்கு முப்பது கிலோதான். சட்டை அஞ்சையும் ஒண்ணு மேல ஒண்ணா மாட்டிக்கிட்டுதான் சாயங்காலம் ஏறணும்.

— மாட்டிக்க. ஃப்ளைட்டுக்குள்ள ஏசிதானே.

— அக்கா, சும்மா இருங்க. தம்பி, இப்ப வெட்டுனியே அந்தச் சின்ன மெஷின், அது எப்படி ஓடுதுன்னு வீடியோல காட்டு. எனக்குப் புரியணும்.

— இதான் அச்சு. பலகைக்குள்ள சதுரமா பிளேடு. மேல துணி, அதுக்கு மேல தட்டு. கைப்பிடியச் சுத்துனா கரும்பு ஜூஸ் மெஷின் மாதிரி ரெண்டு உருளை உள்ள இழுத்து அமுக்குது.

— இழுக்குது, இல்ல? அதான். இழுக்கறப்ப துணி நீளுது, நீண்டபடியே வெட்டுப்படுது, வெளிய வந்ததும் சுருங்கிக்குது. பெரிசுலயும் உருளைதானே?

— உருளைதான், கயல்க்கா.

— அப்ப அதுவும் இதையேதான் செய்யும். சட்டை அஞ்சையும் மாட்டிக்கறது வீண்.

— ஏன்டா, அது என்ன துணி? பச்சைக் கட்டம் போட்டு?

— கைலி. மச்சானுக்கு வாங்குனது. வேற துணி இல்ல, லாத்தா.

— நல்லாருக்கு. உன் மச்சான் சன்னல் வச்ச கைலி கட்டட்டும். அதை எப்படி வச்ச? துணியோட ஓரக் கரை எந்தப் பக்கம்?

— உருளைக்குப் பக்கத்துல இன்னொரு உருளை மாதிரி, குறுக்கால கிடக்கு.

— கயலு, கரை ஓடுற வாக்குல இழுத்தா துணி அசையாது. குறுக்கால இழுத்தாதானே நீளும்? பாவாடை வெட்டறப்ப தினம் பாக்கறோம்.

— ஐயோ அக்கா. இதை நான் யோசிக்கவே இல்ல. தம்பி, துணியத் திருப்பு.

— இருங்க. சுத்தறேன்... இந்தப் பக்கம் அஞ்சு. அந்தப் பக்கம்... அஞ்சு.

— நாலு மடிப்பா வச்சு வெட்டு.

— நாலும் அஞ்சுக்கு அஞ்சு, லாத்தா. கடைக்காரரு ஸ்கேலைப் பிடுங்கி அவரே அளக்கறாரு.

— அப்ப, ஃபஹத், அந்தச் சின்னதையே பார்சல் கட்டச் சொல்லு: கரை உருளைக்குள்ள நேரா போற மாதிரி துணிய வச்சா, சதுரம் சதுரமாவே வருது.