எங்களுக்கு மட்டும் உண்மை சொன்னவர்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் பஸ்ஸுக்கு நின்றிருந்த வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். வீட்டு வாடகைக்குப் பொய்க்கணக்குக் காட்டி மாட்டிக்கொண்ட எம்.பி. பதவி விலகிய செய்தி இளையவரின் போனில் ஓடிக்கொண்டிருந்தது.

"ஊருக்கெல்லாம் பொய் சொன்னவர்தான். எங்களுக்கு மட்டும் சொல்லேல்லை," என்றார் மூத்தவர்.

"என்னக்கா சொல்லுறியள்?"

"தேர்தலுக்கு எங்கட வீட்டுக் கதவைத் தட்டினவர். என்ரை கையில சின்னவன். 'கள்ளன், கள்ளன்' எண்டு நான் அவனைக் கொஞ்சிக்கொண்டு நிண்டனான். அதென்ன சொல் எண்டு கேட்டார். பாசமான ஆக்களை அப்பிடித்தான் கூப்பிடுவம் எண்டன்."

"அதுக்கு?"

"மனுசன் அதைப் பாடமாக்கிப்போட்டார். பொங்கல் விழாவில வேட்டி சால்வையோட மேடையேறி, கையெடுத்துக் கும்பிட்டு, 'வணக்கம், நான் உங்கட கள்ளன்' எண்டார். சனம் எழும்பி நிண்டு கை தட்டினது."

இளையவர் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, ஒருத்தரும் திருத்தேல்லையோ?"

மூத்தவர் பஸ்ஸுக்குக் கை காட்டினார்.

"என்னத்தைத் திருத்துறது? அந்த 'ள்' எவ்வளவு வடிவா வந்தது! வெள்ளைக்காரருக்கு லேசில வராத எழுத்து. நான் பழக்கினதெல்லோ!"