வந்தாள் என்று போட்ட ஐந்து நாள்

மாலை ஆறே முக்கால் இருக்கும். ரெட்டிபாளையத்தைத் தாண்டி, சுண்ணாம்புக்கல் லாரி போகிற ரோட்டிலிருந்து ஒரு மண்பாதை பிரியும். வீடு வாசல் கிடையாது. இரண்டு பக்கமும் கருவேலமரம். பாதை முடிகிற இடத்தில் ஒரு பள்ளிக்கூடம்... அவ்வளவுதான்.

இன்னும் பக்கத்தில் வாருங்கள், பிள்ளைகளா. சத்தமாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நம்ம ஏஞ்சல் மேரியின் சித்தப்பாவுக்கு நடந்தது இது.

பெயர் லியோ பிரபு. பகுதிநேரக் கம்ப்யூட்டர் வாத்தியார். நல்ல மனிதர். கீபோர்டைத் தொடவே பயப்படுகிற பிள்ளைகளிடம், "அழுத்துடி, வெடிக்காது! வெடியெல்லாம் குவாரியிலதான்" என்று சிரிக்கவைத்தே பழக்கிவிடுவார். கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்பதால், ஒன்பதாம் வகுப்பின் வருகைப் பதிவைப் போனில் ஏற்றுகிற வேலையும் அவர் தலையில்தான்.

அந்த வகுப்பில் கமலவேணி என்று ஒரு பெண். ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. லியோ 'வந்தாள்' என்று போட்டார். கெட்ட எண்ணமில்லை. தொடர்ந்து வராத பிள்ளையின் பெயர் படிப்பை விட்டவர்கள் பட்டியலுக்குப் போய்விடும். பருத்தி எடுக்கப் போயிருப்பாள், நாளைக்கு வந்துவிடுவாள், பாவம் என்று நினைத்தார்.

செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. அன்று திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற அவள் அம்மா போன் செய்தாள்.

"சார், பாப்பா போனே எடுக்க மாட்டேங்குதுங்க. அவ அத்தைகிட்டப் போனும் கெடையாது. ஸ்கூலுக்கு வருதுங்களா?"

உண்மையைச் சொன்னால் படிப்பை நிறுத்தித் திருப்பூருக்கே இழுத்துப் போய்விடுவாளோ என்று பயந்தார் லியோ.

"தெனமும் வருதும்மா. நீங்க நிம்மதியா வேலையப் பாருங்க."

அந்த அம்மாளும் நிம்மதியாக வேலையைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை. மாதத் தேர்வைக் கம்ப்யூட்டரில் முடிக்கக் கடைசி நாள். வகுப்பில் முப்பத்தொரு பேர். முப்பது பேர் முடித்துவிட்டார்கள். ஒரு பெயர் மட்டும் பாக்கி. எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, அந்த ஆறே முக்கால் மணிக்கு, கமலவேணிக்குப் பதில் தானே எழுதிவிடலாம் என்று லியோ உட்கார்ந்தார். அவள் பாஸ்வேர்டைப் போட்டார்.

'இவர் வேறொரு கணினியில் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறார்' என்று வந்தது.

லாவண்யா, சிரிக்காதே. நானும் முதலில் சிரித்தேன்.

கடைசி வரிசையில்... டக்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

டக்... டக்...

ஒரே விரலால், எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டுகிற சத்தம். கூடவே ஒரு வாடை. தேங்கிய தண்ணீரில் ஊறிய சுண்ணாம்பு வாடை. திரும்பிப் பார்த்தார். மூலைக் கம்ப்யூட்டரின் திரை எரிந்துகொண்டிருந்தது. நாற்காலியில் ஆள் இல்லை. நாற்காலிக்குக் கீழே தரை ஈரம்.

பதில் எழுதும் கட்டத்தில் எழுத்து ஒவ்வொன்றாக விழுந்தது.

'சார் ஆப்சென்ட் போடுங்க'

டக்... டக்...

'யாரும் தேடி வரல சார்'

லியோ சிலுவை போட்டுக்கொண்டார். போனை எடுத்து வருகைப் பதிவைத் திறந்தார். திங்கள்... மாற்ற முடியவில்லை. செவ்வாய்... முடிந்த நாளை மாற்ற அனுமதியில்லை. அன்றைய பதிவும் காலையிலேயே பூட்டியாயிற்று. ஐந்து நாளும் பச்சை நிறத்தில், வந்தாள், வந்தாள் என்றே நின்றது. சத்தம் வேகமாயிற்று. 'போடுங்க சார் போடுங்க சார் போடுங்க சார்'...

"மாத்த முடியலம்மா..." என்று காலி நாற்காலியைப் பார்த்து அழுதார். "என்னால மாத்த முடியலம்மா..."

சத்தம் நின்றது. திரை அணைந்தது.

வண்டியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடினார். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர்தான். கமலவேணியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட அத்தை பொன்னாயி வாசலுக்கு வந்தாள்.

"அது அவங்க அம்மாகிட்டல்ல இருக்கு? எங்கிட்ட சண்ட போட்டுக்கிட்டு ஞாயித்துக்கெழம சாயங்காலமே பஸ் ஏறப் போயிருச்சே சார்!"

பஸ்ஸுக்குப் போகிற குறுக்குவழியில் கைவிட்ட குவாரி ஒன்று உண்டு. ஊரே டார்ச்சோடு போயிற்று. அவள் தண்ணீரில் இல்லை. பாதிப் பள்ளத்தில், பாய் அகலத்துக்கு நீட்டிக்கொண்டிருந்த ஒரு கல்மேல் கிடந்தாள். கால் முறிந்திருந்தது. போன் கீழே தண்ணீருக்குள் போயிருந்தது. கத்தியிருப்பாள். பக்கத்துக் குவாரியில் வெடிச் சத்தம்... யாருக்குக் கேட்கும்?

உயிர் போனது புதன்கிழமை என்றார் டாக்டர். அம்மா போன் செய்த அன்று அவள் உயிரோடு இருந்திருக்கிறாள்.

ஒரு பிள்ளை வரவில்லை என்றால் வீடுவரை போய் எட்டிப் பார்ப்பது எவ்வளவு சின்ன வேலை. கடவுள் நம்மிடம் கேட்பதெல்லாம் அந்த அளவுதான். லியோவும் இரக்கப்பட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே இரக்கப்பட்டார்.

அவள் கிடந்த இடத்துக்கு மேலே, சுண்ணாம்புப் பாறையில், கல்லால் கீறிய கோடுகள் இருந்தன. நாளைக்கு ஒன்று. போலீஸ்காரர் இரண்டு தடவை எண்ணினார். ஐந்து. உயிர் போனது புதன்கிழமை என்றால் மூன்றுதானே இருக்கவேண்டும்?

சனிக்கிழமை அடக்கம் செய்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, லியோ தனியாக ஒரு மெழுகுவர்த்தியோடு அந்தக் கல்வரைக்கும் இறங்கினார். பற்றவைத்து, பாறையில் தூக்கிப் பிடித்தார்.

பன்னிரண்டு கோடு.

பன்னிரண்டாவதிலிருந்து வெள்ளைத் தூள் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது.