ஸ்பேர் டிரைவர்

– பொய் சொல்றதா இருந்தா வாயை மூடிக்கிட்டுச் சொல்லுங்க மாமா. திறந்து வெச்சுக்கிட்டே சொன்னா எனக்கு உள்ளே இருக்கறதெல்லாம் தெரியுது.

– ஆ... ஆஆ...

– இருங்க, பஞ்சை எடுக்கறேன். ம்... இப்போ சொல்லுங்க. பல் எப்படி உடைஞ்சுது?

– கொய்யாக்காய்னு சொன்னேன்லம்மா.

– கொய்யாக்காய் கடிச்சா முன்பல் உடையுமா?

– அது சாதாரணக் கொய்யாவா? பாறாங்கல்லு! எடுத்து எறிஞ்சிருந்தா எதிர்வீட்டுச் சுவர் விழுந்திருக்கும்.

– மூக்கு நுனியில சிராய்ப்பு?

– கடிச்ச வேகத்துல... தெறிச்சுது.

– முழங்கால்ல?

– அது இன்னொரு கொய்யா.

– சிரிக்காதீங்க மாமா, கையில டிரில் இருக்கு.

– சனிக்கிழமை மத்தியானம், நர்ஸ் பொண்ணும் சாப்பிடப் போயிட்டா. மாமனாரை இந்த நாற்காலியில மல்லாக்கப் படுக்க வெச்சு விசாரணை. வெளியில தெரிஞ்சா உனக்குத்தாம்மா கெட்ட பேரு.

– விளிம்புதான் உடைஞ்சிருக்கு, ஊசி வேணாம்னு நினைச்சேன். ஆனா இதே மாதிரி பேசினீங்கன்னா ரெண்டு ஊசி போடுவேன்.

– கேளு தாயே, கேளு.

– நேத்துக் காலையில ஏழு மணிக்கு நான் எங்கே இருந்தேன்?

– இங்கேதான். கூட இருந்த டாக்டர் பிரசவ லீவுல போனதுலேருந்து ரெண்டு பேர் வேலையை நீ ஒருத்தியா இழுத்துட்டிருக்கே. உலகத்துல இருக்கற பல்லெல்லாம் உன் ஒருத்தியை நம்பித்தான் வலிக்குது.

– ஒரு பள்ளிக்கூட வாத்தியாரோட கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிட்டிருந்தேன். ஆனா என் வாட்ச் என்ன சொல்லுது தெரியுமா? அதே நேரத்துல நான் ஆத்துப் பாலத்தைத் தாண்டி எட்டு கிலோமீட்டர் ஓடிட்டிருந்தேனாம்.

– நீ ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல இருக்கக்கூடிய ஆளும்மா. உன்னை நான் என்னிக்குமே குறைச்சு எடை போட்டதில்ல.

– மாமா...

– சரி, சொல்லிடறேன். எதிர்வீட்டு நாய் கழுத்துல கட்டிவிட்டேன்.

– நாயா?

– வாட்ச்சை நீ செருப்பு ஸ்டாண்டு மேல மறந்து வெச்சுட்டுப் போயிட்டே. அது பாட்டுக்குக் கிடந்துச்சு. நாயும் அது பாட்டுக்குக் கிடந்துச்சு. ரெண்டையும் சேர்த்து வெச்சேன்.

– கிலோமீட்டருக்கு ஒன்பது நிமிஷம். எந்த நாய் இவ்வளவு மெதுவா ஓடும்?

– வயசான நாய்ம்மா.

– அந்த நாய் நடுவுல டீக்கடையில ஆறு நிமிஷம் நின்னிருக்கு.

– நாய்க்கும் நாலு பேரைத் தெரிஞ்சிருக்காதா?

– ஏழு பத்துக்குக் கீழே விழுந்திருக்கு. இப்போ அதோட முன்பல் எப்படி இருக்காம்?

– துப்பிக்கலாமா?

– துப்புங்க. கொப்புளிங்க. அப்புறம் உண்மையைச் சொல்லுங்க.

– நாய் இல்ல.

– தெரியும்.

– கொய்யாவும் இல்ல. வேகத்தடை. முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டினேன், ஒரு வேகத்தடையையும் மதிச்சதில்ல. ஜனங்களெல்லாம் சீட்டை விட்டு ஒரு முழம் எழும்பி உட்காருவாங்க. நேத்து எல்லா வேகத்தடையும் ஒண்ணா சேர்ந்து பழி தீர்த்துடுச்சு. மலை மாதிரி எழும்பி நின்னுச்சும்மா, நான் பார்த்தேன்!

– நீங்க ஓடினீங்க.

– ஓட்டம்னு சொல்ல முடியாது...

– மாமா, பதினாலு மாசத்துக்கு முன்னாடி உங்க நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சாங்க.

– ஒண்ணே ஒண்ணு. பேனாவுக்குள்ள இருக்குமே, அந்த ஸ்பிரிங் அளவுகூட இல்ல.

– அன்னிக்கு ஆஸ்பத்திரி பெஞ்சுல அத்தை உங்க செருப்பை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. கீழே வைங்கன்னா வைக்க மாட்டேன்னுட்டாங்க. அதை நீங்க பார்க்கலை. நான் பார்த்தேன். விளையாட்டா இது?

– இல்லம்மா. விளையாட்டு இல்ல.

– பின்னே ஏன்?

– ஆள் வரலைன்னா வண்டி நிக்கக்கூடாதும்மா.

– என்னது?

– எங்க டிப்போவுல ஒரு டிரைவர் வரலைன்னா டிரிப்பைக் கட் பண்ண மாட்டோம். ஸ்பேர் டிரைவர்னு ஒருத்தன் பெஞ்சுல உட்கார்ந்திருப்பான். அவன் ஏறி எடுத்துட்டுப் போயிடுவான். ஒரு நாள் உன் வாட்ச் 'கீங் கீங்'னு கத்துச்சு. எடுத்துப் பார்த்தேன். உன் கோச்சு அனுப்பியிருந்தார்... வாரத்துக்கு நாலு ஓட்டம் பதிவாகணும், இந்த வாரமும் குறைஞ்சா மாரத்தான்ல உன் இடம் வெயிட்டிங்ல இருக்கறவங்களுக்குப் போயிடும்னு. நீயோ காலையில ஆறு மணிக்கு ஆப்பிளைக் கடிச்சுக்கிட்டே படி இறங்கறே. அந்த ஆப்பிளையும் முழுசா முடிக்கறதில்ல. நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடப்போறேன்னு ஆசையா பேர் கொடுத்தே. நான் வேற தெரு பூரா சொல்லிட்டேன்...

– அது வேறயா?

– நீ ஓடினா பின்னாடி தூசிப் படலம் எழும்பும்னு சொல்லி வெச்சிருக்கேன். மூணாவது வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திட்டார். இப்போ டிரிப் கட்டாச்சுன்னு எந்த முகத்தோட போய்ச் சொல்றது? அதான், ஸ்பேர் டிரைவர் ஏறிட்டான்.

– ஏறினதும் எட்டு கிலோமீட்டரா?

– ஐயோ, முதல் நாள் ஒரு விளக்குக் கம்பம் ஓடினேன், நாலு கம்பம் நடந்தேன். நெஞ்சுல கையை வெச்சுக்கிட்டே. ஒண்ணும் ஆகலை. மறுநாள் ரெண்டு கம்பம் ஓடினேன். இப்போ கம்பத்தை எண்ணறதே இல்லம்மா. கம்பங்கள்தான் என்னை எண்ணிட்டிருக்கு.

– அத்தைகிட்ட என்ன சொல்லிட்டுக் கிளம்புவீங்க?

– பேப்பர் வாங்கப் போறேன்னு.

– ஒண்ணே கால் மணி நேரமா பேப்பர் வாங்குவீங்க?

– கடைக்காரர் வாயைத் திறந்தா மூட மாட்டார்னு சொல்லியிருக்கேன். பாவம், அந்த மனுஷன் சில்லறை கேக்கறதுக்கே கையைத்தான் காட்டுவார்.

– வியர்வை?

– கடையில ஃபேன் இல்லைன்னு... நீ சிரிக்கறே.

– இல்லையே.

– மாஸ்க்குக்குள்ள சிரிக்கறே, கண்ணுல தெரியுது.

– வாயைத் திறங்க. இந்தச் சிமென்ட்டை வெச்சுடறேன். அசையக் கூடாது, பேசக் கூடாது, நான் சொல்றதை மட்டும் கேளுங்க.

– ஆ.

– நேத்து ஏழு பத்துக்கு என் போன் அதிர்ந்துச்சு. 'வாட்ச் அணிந்திருப்பவர் பலமாக விழுந்திருக்கிறார். இன்னும் எழுந்திருக்கவில்லை.' அந்த 'இன்னும்' இருக்கே மாமா... வாத்தியாரோட வாயில இடுக்கியை வெச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டேன். தனக்கு என்ன ஆச்சோன்னு அவர் பயந்துட்டார்.

– ஆஆ ஆ ஆஆ...

– பேசாதீங்கன்னேன். கிளம்பறதுக்குக் கையுறையைக் கழட்டிட்டேன். அதுக்குள்ள போன் மேப்புல வாட்ச்சைக் காட்டற புள்ளி நகர்ந்துச்சு. அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. புள்ளி வீட்டு வாசலுக்கு வர்ற வரைக்கும் வாத்தியார் வாயைத் திறந்துக்கிட்டே காத்திருந்தார். நல்ல மனுஷர்.

– ஆ ஆஆ ஆஆ!

– என்ன? சீக்கிரம் சொல்லுங்க.

– எழுந்திருக்காம இருந்தது வலியில இல்லம்மா. பல் துண்டைத் தேடிட்டிருந்தேன். வாட்ச் ஏதோ கேட்டுச்சு. கண்ணாடி இல்லாம எனக்கென்ன தெரியும்? 'நீ சும்மா இரு'ன்னு சொன்னேன்.

– நேத்து மத்தியானம் உங்க இதயத்துடிப்புக் கோடு மொத்தத்தையும் போன்ல எடுத்துக்கிட்டு உங்க இதய டாக்டர்கிட்ட போனேன்.

– ஐயையோ. என்ன சொன்னார்?

– வாயைத் திறங்க. நீல லைட் அடிக்கணும்.

– முதல்ல சொல்லும்மா...

– சிமென்ட் காயணும். திறங்க. இருபது நொடி.

– ஆஆ?

– அசையாதீங்க. பதினஞ்சு...

– ஆஆஆ?!

– ஆறு வாரம் நான் ஏமாந்தேன்ல, நீங்க இருபது நொடி பொறுக்க மாட்டீங்களா? அஞ்சு... நாலு... மூணு... ஆச்சு.

– பாவி! சொல்லு!

– படத்தைப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கிட்டு மறுபடி பார்த்தார். 'இது எந்த பேஷன்ட், இவ்வளவு சமத்தா துடிக்குது?'ன்னார்.

– என்னோடதுன்னு சொன்னியா?

– சொன்னேன். 'அந்த பஸ்காரரா!'ன்னு நாற்காலியை விட்டு எழுந்துட்டார்.

– நிஜமாவா?

– நிஜமாத்தான். திங்கட்கிழமை வரச் சொன்னார். மெஷின்ல ஓட வெச்சுப் பார்ப்பாராம். அது சரியா வந்தா தாராளமா ஓடலாமாம். மெதுவா ஓடணும். மாத்திரை தப்பக்கூடாது. முக்கியமா, தனியா ஓடக்கூடாது.

– உன் லைட்டைக் கொஞ்சம் நகர்த்தேன்... கண்ணைக் கூசுது.

– அது அணைஞ்சு ரெண்டு நிமிஷம் ஆச்சு.

– அப்படியா... வயசாச்சு, லேட்டாத்தான் கூசும்.

– இந்தாங்க, டிஷ்யூ.

– பதினாலு மாசமா, ஒரு டம்ளர் தண்ணி எடுத்தா நாலு பேர் ஓடி வர்றீங்கம்மா. தும்மினா உங்க அத்தை கையைப் பிடிச்சு நாடி பார்க்கறா. குத்தம் சொல்லலை, பயந்தவங்க நீங்க. ஆனா அந்தப் பாலத்து மேல என்னை யாரும் பார்த்துட்டு இருக்கலை. அங்கே ஓடும்போதுதான், எனக்கு ஒண்ணும் ஆகலைன்னு எனக்கே தெரிஞ்சுது.

– ம்.

– சரி, அது கிடக்கட்டும். உன் இடம் தப்பிச்சுதா? அதைச் சொல்லு.

– இல்ல.

– என்னது!

– நேத்து சாயங்காலம் கோச்சைக் கூப்பிட்டு எல்லாத்தையும் சொல்லிட்டேன். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் இடத்தைத் திருப்பிக் கொடுத்துட்டேன்.

– அடிப்பாவி! ஆறு வாரம் நாயா ஓடியிருக்கேன்!

– வயசான நாய்.

– பேச்சை மாத்தாதே! அந்த ஆள் என்ன சொன்னார்?

– 'என் குழுவிலேயே ஒரு நாள் தவறாம ஓடினது ஒரே ஒருத்தர்தான், அதுவும் நீங்க இல்லையா?'ன்னு ரொம்ப வருத்தப்பட்டார்.

– ஹா! அது!

– மாமா, அதைச் சொல்லி முடிச்சதும் தோள்லேருந்து இந்த நாற்காலியையே இறக்கி வெச்ச மாதிரி இருந்துச்சு. ஓடறது எனக்குப் பிடிக்கும். ஆனா ஓடாத நாளெல்லாம் குத்த உணர்ச்சியோட பல் பிடுங்கறது பிடிக்கலை. அதான், செவ்வாயும் வெள்ளியும் கிளினிக் காலையில ஒன்பது மணிக்குத்தான்னு நர்ஸ்கிட்ட சொல்லிட்டேன். மூணு வாரம் கழிச்சு அதே போட்டியில பத்து கிலோமீட்டர் ஓட்டமும் இருக்கு. ரெண்டு பேர் கொடுத்திருக்கேன். திங்கட்கிழமை டாக்டர் சரின்னா நிச்சயம், இல்லைன்னா கைதட்டப் போவோம்.

– ரெண்டா? உனக்கும்...

– தனியா ஓடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே.

– நீ என்கூட ஓடுவியா? உன்னால முடியுமாம்மா? ஆறு வாரமா பயிற்சி இல்லாத ஆளு. என் வேகத்தை ரொம்பவெல்லாம் குறைச்சுக்க முடியாது, சொல்லிட்டேன்.

– பார்க்கலாம். அதுக்கு முன்னாடி அத்தைகிட்ட யார் சொல்றது?

– நீ சொல்லு. நீதான் டாக்டர்.

– நான் பல் டாக்டர் மாமா.

– அவ கடிக்கத்தான் போறா, நீதான் சரியான ஆளு... ஒரு நிமிஷம். ஒரு நிமிஷம் இரு.

– என்ன? பல் உறுத்துதா? கடிச்சுப் பாருங்க.

– பல் நல்லாத்தான் இருக்கு. விழுந்ததும் உன் போனுக்கு மெசேஜ் வந்துச்சுன்னியே...

– ஆமா.

– அது உன் வாட்ச்.

– ஆமா...

– நீ விழுந்தா உனக்கே சொல்லும்படியா செட் பண்ணி வெச்சிருக்கே? தான் விழுந்ததைத் தனக்கே தந்தியடிச்சுக்கற ஆளை நான் பார்த்ததே இல்லையேம்மா.

– அது... அவசரத்துல நம்பரை மாத்திப் போட்டிருப்பேன்.

– வாட்ச்ல தினமும் நூறு சதவீதம் சார்ஜ் இருந்துச்சு. என் பையன்தான் போட்டு வைக்கறான்னு நினைச்சேன். அவனுக்கு அவன் போனுக்கே சார்ஜ் போடத் தெரியாது.

– வாயைத் திறங்க மாமா, ஓரத்துல கொஞ்சம் தேய்க்கணும்.

– மாட்டேன்.

– சரி, நீங்க முதல்ல சொல்லுங்க. ஆறு வாரமும் என் இடத்துக்காகத்தான் ஓடினீங்களா?

– உன்கிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது... உனக்காக ஓடினது முதல் நாள் மட்டும்தாம்மா. நீ சொல்லு.

– நான் வாட்ச்சை நிஜமாவே மறந்துட்டுப் போனதும் முதல் நாள் மட்டும்தான் மாமா.