சிரிக்காத முகம்

புத்தகக் கடைக்குப் போனால் நான் எந்தப் புத்தகத்தையும் திறந்து பார்ப்பதில்லை. அட்டையைப் பார்ப்பேன், திருப்பி முதுகைப் பார்ப்பேன், வைத்துவிட்டு வந்துவிடுவேன். அட்டை வடிவமைக்கிறவனுக்கு அது ஒரு வியாதி. உங்கள் மேசையில் கிடக்கும் இந்தப் பொலிஸ் கோப்பின் அட்டைகூட எனக்குச் சகிக்கவில்லை. அதைச் சொல்லவா என்னை உட்கார வைத்திருக்கிறீர்கள், விடுங்கள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்கிறேன்.

பதுளையில் எங்கள் குடும்பத் துணிக்கடைக்கு மேல்மாடிதான் என் வேலையறை. மலையகத்தைப் பற்றி யார் எதை எழுதிக்கொண்டு வந்தாலும் அட்டைக்குக் கேட்பது ஒன்றே ஒன்றுதான். பச்சை மலை, கூடை சுமந்த பெண், அவள் முகத்தில் ஒரு சிரிப்பு. பட்டினியைப் பற்றிய நாவலுக்கும் அந்தச் சிரிப்பு, மண்சரிவில் செத்தவர்களைப் பற்றிய கவிதைக்கும் அதே சிரிப்பு. அந்தப் பல்வரிசையைக் கணினியில் பெரிதாக்கிக் கறையை நீக்கி வெளுப்பாக்குவது என் பிழைப்பு. குமட்டிக்கொண்டு வரும். சோற்றுக்கு உட்கார்ந்தால் சோற்றில் அந்தப் பற்கள் தெரியும். பல நாள் பாதியில் எழுந்து கை கழுவியிருக்கிறேன்.

யசோதினி பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து டீச்சரானவள். தன் முதல் சிறுகதைத் தொகுப்பை என்னிடம் கொண்டுவந்தாள். அட்டையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் தன் அம்மாவின் படம் வரவேண்டும் என்றாள்.

"அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுண்ணா. உள்ள இருக்கிறத வாசிக்க ஏலாது. அட்டையையாவது பாத்து, இது எம் மக புத்தகம்னு சொல்லணும்ல?"

நியாயமான ஆசை. ஒப்புக்கொண்டேன். சிரிப்பு மட்டும் கூடாது என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். வேலையில்லாத நாள், மலையில் ஆளில்லை. அம்மாவின் பெயர் வடிவம்மா. எனக்காக வேலை உடுப்பில் தயாராக நின்றார். இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்குச் சாக்கு, முதுகில் கூடை, தலையில் கொங்காணி. கொங்காணி என்றால் குளிருக்கும் மழைக்கும் கூடைக்கு மேலாகப் போட்டுக்கொள்ளும் தடித்த துணி. யசோதினி எனக்குச் சமைப்பதற்காக லயத்து வீட்டிலேயே நின்றுவிட்டாள். நாங்கள் இருவரும் மேலே ஏறினோம்.

கேமராவைத் தூக்கினால் சிரித்தார். வேண்டாம் என்றேன். ஒரு கணம் அடக்கிக்கொண்டு மறுபடி சிரித்தார்.

"கேமராவப் பாத்தா தானா வந்துருது தம்பி. சிரிக்காம நின்னா சண்டைக்காரி மாதிரில்ல இருக்கும்."

வெற்றிலைக் கறை படிந்த பற்கள். எனக்கு அருவருப்பு வந்தது. அவர்மீது அல்ல, அந்தச் சிரிப்பின்மீது. இந்த வித்தியாசத்தைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

முகத்தில் நிழல் விழுகிறது, கொங்காணியைக் கழற்றுங்கள் என்றேன். மடித்து என் கையில் தந்தார். இன்னும் கொஞ்சம் மேலே போனபோது அவரே என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"அங்கிட்டு வேணாங்க. அந்த மரத்துல குளவி கட்டியிருக்கு. மெதுவாப் பேசுங்க."

கூட்டை ஒரு படம் எடுத்தேன். பிறகு வடிவம்மாவை அந்த மரத்தடியில் போய் நிற்கச் சொன்னேன். வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருந்தது. அவர் தயங்கினார்.

"நீங்க சொன்னாச் சரிங்க. வெரசா எடுத்துருங்க."

உண்மையான முகம் வேண்டுமென்றால் உண்மையான காரணம் ஒன்று வேண்டும். அவ்வளவுதான் நினைத்தேன். கோபத்தில் செய்யவில்லை. முதல் கல் கூட்டில் படவில்லை, கிளையில் பட்டு விழுந்தது. "என்னங்க தம்பி சத்தம்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். இரண்டாவது பட்டது.

படம் கிடைத்துவிட்டது. அகல விரிந்த கண், திறந்த வாய், என்னை நோக்கி நீண்ட ஒரு கை. இந்த மலையில் அதுவரை யாரும் எடுக்காத முகம். எனக்கு மணிக்கட்டில் ஒரு கொட்டு மட்டும். அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனபோது முகம் வீங்கி அடையாளமே தெரியவில்லை. அதை நான் படம் எடுக்கவில்லை. அது மலிவான வேலை, எனக்கு மனம் வராது. பொழுது சாயுமுன் உயிர் போய்விட்டது. தோட்டத்தில் குளவி கொட்டிச் சாவது புதிதில்லை, என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

கருமாதி முடிந்தபின் அட்டையைச் செய்து யசோதினியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பயத்தை இப்படி யாரும் அட்டையில் போட்டதில்லை என்றேன். அவள் அழவில்லை. வெகுநேரம் பார்த்தாள்.

"அம்மா பயப்படலண்ணா. சின்னதுல நான் தண்ணிக் கானுக்குக் கிட்ட ஓடுனா இப்புடித்தான் கையை நீட்டிக் கத்துவாங்க. விழுந்துருவேன்னு. அம்மா யாருக்குக் கத்துறாங்க?"

மீதிப் படங்களையும் கேட்டாள். மறைக்க எனக்குத் தோன்றவில்லை. கூட்டின் படத்தில் அவள் விரல் நின்றது. "குளவி இருக்குன்னு தெரிஞ்சேதான் அம்மாவ அங்க நிப்பாட்டுனீங்களா?" என்று கேட்டாள். மறுநாள் உங்களிடம் வந்திருக்கிறாள்.

வடிவம்மா என்ன கத்தினார் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். "தம்பி, ஓடாதீங்க, கொங்காணியப் போத்திக்கிட்டுக் குப்புறப் படுங்க." குளவி கலைந்தால் ஓடக்கூடாது என்பது கடைக்காரப் பிள்ளையான எனக்குத் தெரியாது. சொன்னபடி செய்தேன். போர்த்திக்கொள்ள அவரிடம் எதுவும் இல்லை. அவருடையது என்மேல் இருந்தது. துணிக்குள் கிடந்தபடி அவர் செடிகளுக்குள் விழுந்து புரளும் சத்தத்தைக் கேட்டேன். பிறகு சத்தம் இல்லை.

கல்லெறிந்தது நான். தெரிந்தேதான் எறிந்தேன். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். யசோதினி சொல்வதை மட்டும் எழுதாதீர்கள். முகங்களைப் பார்ப்பதுதான் என் தொழில், எனக்குத் தெரியாதா. கேமரா உங்களிடம்தானே இருக்கிறது, நீங்களே பெரிதாக்கிப் பாருங்கள். அது பயந்த முகம். எனக்காகக் கத்திய முகம் அல்ல. அப்படி இருந்தால் அந்த அட்டை ஒன்றுக்கும் உதவாது.