உள் நட்டு

உள்ளே வரும்போதே பார்த்தேன் ஐயா. ஸ்டேஷன் வாசலில் நிற்கும் உங்கள் வெள்ளை வண்டியின் முன் டயர், உள்விளிம்பில் மட்டும் மொழுமொழுவென்று தேய்ந்திருக்கிறது. நின்றபடி பார்த்தால் தெரியாது, குனிய வேண்டும். மழைக்காலம் தொடங்குவதற்குள் மாற்றிவிடச் சொல்லுங்கள். ஆயுசெல்லாம் டயர்க் கடையில் உட்கார்ந்தவள், கண் முதலில் அங்கேதான் போகிறது.

நாகுமோவின் கார் விஷயமாகத்தான் வந்தேன். நானாகவே வந்தேன், யாரும் பிடித்து இழுத்து வரவில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நாகுமோ எங்களுக்குப் பக்கத்து வீடு. ஓட்டுநர் பள்ளியில் வாத்தியார். நாற்பதை எட்டப்போகிறவர், தனிக்கட்டை. ஒருநாள் மேற்கூரை மடங்குகிற, இரண்டே பேர் உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிவந்து நிறுத்தினார். தெருவே வாசலுக்கு வந்தது. அதை அவர் ஓட்டின வேகத்தைப் பார்த்துவிட்டுத் தெருவே உள்ளே போனது. பலகையில் என்ன வேகம் எழுதியிருக்கிறதோ அதைத் தாண்ட மாட்டார். மொபெட்டில் வந்த தபால்காரர் அவரை முந்திக்கொண்டு போனதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் செகினே சொன்னாள். செகினே தெருமுனையில் பியூட்டி பார்லர் வைத்திருப்பவள். என் வயசுக்காரிதான், இருந்தாலும் என்னை அக்கா என்பாள்.

"தோமியே அக்கா, அந்தக் காரு அழுவுற சத்தம் கேக்குதா உனக்கு? புலியப் புடிச்சி மாவு அரைக்க விட்டாப்ல இருக்கு."

என் வீட்டில் நானும் என் மருமகள் மிஸுஹோவும் மட்டும். என் மகன் ரியோஜி நோயில் போய்விட்டான். அவன் போன பிறகும் அவள் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. காலையில் அவன் படத்துக்கு முன்னால் சுடுசோறு வைப்பாள், சின்ன மணியைத் தட்டிக் கும்பிடுவாள், பிறகு கடைக்கு வந்து கல்லாவில் உட்காருவாள். போகச் சொல்லி நான் சொன்னதில்லை, இரு என்றும் சொன்னதில்லை. இருந்தாள். நல்ல பெண். என் முதுகுக்கு வலிப்பட்டை ஒட்ட அவள் கைதான் சரி. நான் ஒட்டினால் கோணலாகிவிடும்.

கொஞ்ச நாளாக வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் சிரிப்புக் கேட்டது. ரியோஜி இருந்தபோதுகூட அவள் அவ்வளவு உரக்கச் சிரித்து நான் கேட்டதில்லை. அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. கேட்டதைச் சொல்கிறேன்.

எங்கள் வட்டாரத்தில் எந்தச் சேதியும் என் கடையைத் தொடாமல் போகாது. டயர் மாற்ற வருகிறவர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், சும்மா உட்கார்ந்திருப்பவர் பேசத்தான் செய்வார். யார் வீட்டில் யார் தனித்தனியாகப் படுக்கிறார்கள் என்பது வரை எனக்குத் தெரியும். என் வீட்டுச் சேதி மட்டும் எனக்குச் செகினேயின் பார்லரில்தான் கிடைத்தது. தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

"உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றாள்.

"என்னது?"

"மிஸுஹோ நகராட்சிக்குப் போயி விசாரிச்சிருக்கா. புருஷன் போனப்புறம் மாமியார் வீட்டு உறவ வெட்டிக்க ஒரு விண்ணப்பம் இருக்காமே. மாமியார்கிட்ட ஒரு வார்த்த கேக்கக்கூட வேணாமாம். என் தங்கச்சி மகதான அந்த ஜன்னல்ல உக்காந்திருக்கா."

"எனக்குத் தெரியும்" என்றேன். தலையில் சாயத்தை வைத்துக்கொண்டு வேறென்ன சொல்வது.

அந்தச் சமயத்தில்தான் நாகுமோ ஸ்பேசர் கேட்டு வந்தார்.

உங்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன். அந்த மாதிரி கார்களில் கம்பெனி கொடுக்கிற சக்கரம் மட்கார்டுக்குள் பதுங்கி இருக்கும், பல்செட்டைக் கழற்றின வாய் மாதிரி. சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவில் ஒரு வட்டத் தகட்டை வைத்தால் சக்கரம் வெளியே தள்ளி வரும். அதுதான் ஸ்பேசர். மட்கார்டு ஓரமும் சக்கரத்தின் முகமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும், எங்கள் ஊர்க் கார்ப் பைத்தியங்களுக்கு அது ஒரு பக்தி. ஒரு மயிரிழை வெளியே நீட்டினால் அரசாங்கச் சோதனையில் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உள்ளே இருந்தால் மற்ற பைத்தியங்கள் சிரிப்பார்கள்.

நாகுமோ ஓட்டை போட்ட ஐந்து யென் காசை நூலில் கட்டி, மட்கார்டு விளிம்பிலிருந்து தொங்கவிட்டு, தரையில் மண்டிபோட்டு ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். காசு ஆடாமல் இருக்க மிஸுஹோ காற்றுக்கு மறைவாக நின்றாள்.

"வெளிய நீட்டவும் கூடாதும்மா, உள்ள ஒளியவும் கூடாது. கோடு போட்டாப்ல நிக்கணும்."

"உங்க மாணவங்க மாதிரின்னு சொல்லுங்க" என்றேன்.

"அவங்க எங்கம்மா கோட்டுல நிக்கிறாங்க."

"அத்த, இவரு சக்கரத்துக்கு சீட் பெல்ட் மாட்டச் சொன்னாலும் சொல்லுவாரு, நீங்க குடுத்துராதீங்க" என்றாள் மிஸுஹோ. அவர் காது சிவந்தது. காசு ஆடியது.

அவர் கேட்டது மெல்லிய தகடு. மலிவு, மாட்டுவதும் எளிது. ஆனால் அதை வைத்தால் அச்சு போல்ட்டின் நீளம் போதாமல் போகும், நட்டு நுனியை மட்டும் கடித்துக்கொண்டு நிற்கும். வேண்டாம் என்றேன். அதையே கொடுத்திருந்தால் என் காரியம் சுலபமாக முடிந்திருக்கும் என்று உங்களுக்குத் தோன்றலாம். அப்படி ஒரு சாமானை என் கடையிலிருந்து நான் விற்றதில்லை.

நான் எடுத்துக் கொடுத்தது தடித்த வகை. அது அச்சின் மேல் தனி நட்டுகளால் இறுகும், அதன் மேல் சக்கரம் வேறு நட்டுகளால் இறுகும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. அச்சு போல்ட்டுகளின் நுனி தகட்டைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும், அதற்கு இடம் விட்டுச் சக்கரத்தின் முதுகில் பள்ளம் இருக்க வேண்டும். பலர் இதைப் பார்க்காமலேயே வாங்கிவிடுவார்கள். நான் கம்பெனிச் சக்கரத்தைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தேன். பள்ளம் இருந்தது. அளவு எடுத்தேன், பொருந்தியது. இந்த ஜில்லாவில் எந்தக் கடையில் வேண்டுமானாலும் கேளுங்கள், அந்தக் காருக்கு அதுதான் சரியான ஸ்பேசர் என்பார்கள்.

சக்கரத்தை மாட்டிவிட்டால் உள் நட்டுகள் மறைந்துபோகும். வெளியே தெரிவது வெளி நட்டு மட்டும்தான்.

மூன்று சக்கரங்களுக்கு உள் நட்டுகளை ஸ்பேனர் வைத்து இறுக்கினேன். பின்பக்கத்து இடது சக்கரத்துக்குக் கையால் திருகி விட்டேன்.

ஏன் இடது என்று கேட்கிறீர்கள். இடது பக்கம் கடைச் சுவரை ஒட்டி இருந்தது, அவர் நின்ற இடத்திலிருந்து என் கை தெரியாது. அவ்வளவுதான். அந்தப் பக்கத்து இருக்கையில் யார் உட்காருவார்கள் என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை.

பனிக்காலத்துக்கு ஒருமுறை, பனி போனதும் ஒருமுறை என்று டயர் மாற்றுகிற ஊர் எங்களுடையது. மாற்றினவர்கள் கொஞ்சம் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து நட்டுகளை மறுபடி இறுக்கிக்கொள்வது இங்கே ஒரு ஒழுக்கம். சோம்பேறிகள் வர மாட்டார்கள். நாகுமோ வந்தார். வராமல் இருப்பாரா. வெளுத்த கையுறை வேறு போட்டிருந்தார். வழக்கமாக நான்தான் செய்து கொடுப்பேன். அன்றைக்கு, அளவு சரியானதும் 'டிக்' என்று சொல்லுகிற ஸ்பேனரை அவர் கையில் கொடுத்து, "நீங்களே பாத்துக்கிட்டா உங்களுக்கு நிம்மதிதான வாத்தியாரே" என்றேன்.

ஒவ்வொரு நட்டாக இறுக்கினார். டிக். டிக். அந்தச் சத்தம் கேட்டதும் மனுஷர் முகத்தில் ஒரு நிறைவு. ஸ்பேசர் இருந்தால் சக்கரத்தைக் கழற்றி உள் நட்டையும் பார்க்க வேண்டும். அது அவருக்குத் தோன்றவில்லை, நானும் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிகிற நட்டை இறுக்கிவிட்டால் எல்லாம் இறுகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஒரு வீட்டின் வெளிக்கதவு சாத்தியிருந்தால் உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைப்பதில்லையா, அப்படி.

ஒருநாள் வேலிக்கு மேலே தலையை நீட்டினார்.

"அம்மா, பின்னாடி லேசா டக்கு டக்குன்னு ஒரு சத்தம். எனக்குத்தான் அப்படிக் கேக்குதோ என்னவோ."

"புது சாமான்ல. படியிற வரைக்கும் அப்படித்தான்" என்றேன்.

"நீங்க சொன்னா சரி" என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மழை விட்டிருந்த ஒரு ஞாயிறு. ஹருனா மலைமேல் ஏரிக்கரையில் செம்பருத்தி நிறத்தில் அசேலியா பூத்திருக்கிறதென்று மிஸுஹோ சொன்னாள். தலையில் ஒரு துணியைக் கட்டியிருந்தாள். ரியோஜி வாங்கிக் கொடுத்தது இல்லை அது, நான் பார்த்ததே இல்லை.

"மத்தியானத்துக்குள்ள வந்துருவேன் அத்த. சாயங்காலம் உங்ககிட்ட ஒண்ணு பேசணும்."

"என்னவாம்?"

"வந்து சொல்றேனே."

எனக்குத்தான் தெரியுமே. சோற்றுருண்டை பிடித்து, முள்ளங்கி ஊறுகாயோடு டப்பாவில் வைத்துக் கொடுத்தேன். இரண்டு பேருக்குப் போதுமான அளவு. கார் தெருமுனையில் திரும்பும் வரை வாசலில் நின்றேன். அவர் சைகை விளக்குப் போட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, பிறகுதான் திரும்பினார். கூப்பிட்டிருந்தால் அவருக்குக் கேட்டிருக்கும்.

மலைப்பாதையில், வலப்பக்கம் திரும்புகிற ஒரு வளைவில் சக்கரம் கழன்றது. அவர் வழக்கம்போல மெதுவாகத்தான் போயிருக்கிறார். அதனால்தான் இருவரும் உயிரோடு இருக்கிறார்கள். நாகுமோவுக்குத் தோளெலும்பு முறிந்தது. மிஸுஹோவுக்கு முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது இப்போது. கழன்ற சக்கரம் பள்ளத்தில் உருண்டு ஆற்றுக்குள் போய்விட்டது. தண்ணீர் கரைபுரண்டு ஓடிய நேரம், உங்கள் ஆட்கள் இறங்கித் தேடவில்லை. தேட அவசியமும் வரவில்லை. யாரும் கேட்பதற்கு முன்பே நாகுமோ சொல்லிவிட்டார்: "கடைசியா நட்ட இறுக்கினது நான்தான். சத்தம் கேட்டும் ஓட்டினேன்." அவரே சொன்ன பிறகு நான் குறுக்கே என்ன பேசுவது.

ஓட்டுநர் பள்ளி வேலையை அவரே விட்டுவிட்டார். வாராவாரம் பயறு அரைத்துச் செய்த இனிப்புப் பெட்டியோடு வருவார். வாசல் நடையில் மண்டிபோட்டு நெற்றி தரையில் படக் குனிவார். "என்ன மன்னிச்சிருங்கம்மா." தோள் சரியாகக் கூடாததால் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் குனிய முடிகிறது. கோட்டில் நிற்கவில்லை. "போனது போச்சு, எந்திரிங்க" என்பேன். இனிப்பு பரவாயில்லாமல் இருக்கும். செகினேகூட, "நீ பெரிய மனசுக்காரி அக்கா" என்றாள்.

மிஸுஹோவை நான் நன்றாகவே பார்த்துக்கொள்கிறேன். துடைக்கிறேன், புரட்டிப் படுக்க வைக்கிறேன், கஞ்சி ஊட்டுகிறேன். அவளுக்குக் கை நன்றாக வேலை செய்கிறது, இருந்தாலும் ஊட்டுவதுதான் எனக்குத் திருப்தி. நான் கரண்டியை நீட்டினால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். கிண்ணத்தை வைத்துவிட்டு நான் வெளியே போய்த் திரும்பினால் காலியாக இருக்கும். கூச்சம். ஆஸ்பத்திரியில் ஒரு சக்கர நாற்காலி கொடுத்தார்கள். எங்கள் வீட்டு வாசல்படிக்கு அது ஒத்துவராது. கடையில் டயர்களுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். காற்று மட்டும் தவறாமல் அடித்துவிடுகிறேன்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. போன ஞாயிறு நாகுமோ இனிப்புப் பெட்டி இல்லாமல் வந்தார். குனியவும் இல்லை.

"அம்மா, உங்க வயசுக்கு இவ்ளோ பாரம் தூக்கக் கூடாது. மிஸுஹோவ நான் கல்யாணம் பண்ணிக் கூட்டிட்டுப் போறேன். என் வீட்டு வாசப்படிய இடிச்சு சரிவா கட்டிட்டேன். நாற்காலி நேரா உள்ள போயிரும்."

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளறையிலிருந்து குரல் வந்தது. விபத்துக்குப் பிறகு அவள் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. குரல் பழையபடியேதான் இருந்தது.

"நான் போறேன் அத்த. நாற்காலி எங்க இருக்குன்னு அவருகிட்ட சொல்லுங்க."

அதனால்தான் ஐயா இங்கே வந்தேன். எனக்கு மனுஷரைத் தெரியும். அவருக்கு அவள்மேல் ஆசை கீசை ஒன்றுமில்லை, குற்ற உணர்ச்சி. தன்னால் ஆனது என்று நினைத்துக்கொண்டு காலமெல்லாம் சுமக்கப் பார்க்கிறார். அவளும் பாவம், அதை வேறு என்னவோ என்று நினைத்துக்கொள்கிறாள். அவர்மேல் தப்பில்லை என்று நீங்கள் அவரிடம் சொல்லிவிட்டால் போதும். ஆற்றில் இப்போது தண்ணீர் குறைவு. இறங்கித் தேடினால் சக்கரம் ஸ்பேசரோடு ஒட்டினபடியே கிடைக்கும், வெளி நட்டு ஒன்றுகூடத் தளர்ந்திருக்காது. அவர் ஒழுங்காகத்தான் இறுக்கினார். உள் நட்டை இறுக்காமல் விட்டது நான். தெரிந்தேதான் விட்டேன். இது தெரிந்துவிட்டால் அப்புறம் அவளைக் கூட்டிக்கொண்டு போக அவருக்கு ஒரு காரணமும் இருக்காது. அவளும் பேசாமல் வீட்டோடு இருப்பாள்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். கொஞ்சம் சீக்கிரம் முடித்துவிட்டால் நல்லது. செகினேயைத்தான் காவலுக்கு உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறேன், அவளுக்கு நோயாளியைத் தூக்கிப் புரட்டத் தெரியாது. சாயங்காலக் கஞ்சியும் நான் போய் ஊட்டினால்தான் மிஸுஹோ சாப்பிடுவாள்.