பத்து மில்லிமீட்டர்

குறைந்த காசில் அகலக்கோண லென்ஸ் வாங்க வருகிறவர்கள், இருட்டிலும் படமெடுக்கும் லென்ஸைத்தான் முதலில் தேடுவார்கள். அறைகளை மட்டும் எடுப்பதாக இருந்தால் அது வீண்செலவு. அறை ஓடாது, ஆடாது. கேமராவை முக்காலியில் நிறுத்திவிட்டு, போதுமான வெளிச்சம் உள்ளே போகும்வரை பொறுத்திருந்தால் சரி.

அந்த விளம்பரப் படங்களை எடுத்தது யார் என்றுதான் கேட்டீர்கள், வக்கீல் அக்கா. நான்தான் எடுத்தேன். ஆனால் லென்ஸிலிருந்து தொடங்கினால்தான் நான் செய்தது உங்களுக்குப் புரியும். ஃபோனில் பதிவாகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது தடவை சொல்ல மாட்டேன்.

என் பெயர் மெலிண்டா. அப்பா பெயர் மரியஜோசப். பீடோருக்கு உள்ளே, முன்பு ரப்பரும் பிறகு செம்பனையும் நின்ற தோட்டத்தில் வேலை செய்தவர். தோட்டத்தை விற்றுவிட்டார்கள். வாங்கிய நிறுவனம், லயத்து வரிசை வீடுகளில் மிச்சமிருந்த பதினான்கு குடும்பங்களுக்கும் ஈப்போவில் ஆளுக்கொரு அடுக்குமாடி வீடு தருகிறேன் என்றது. மூன்று வருடம் யாரும் அசையவில்லை. காரணம் அப்பா. "மண்ணோட ஒரு வீடு குடு, நாளைக்கே போறோம்," என்பார். அவர் கையெழுத்துப் போட்டால் மற்ற பதின்மூன்று பேரும் போடுவார்கள். அது எனக்குத் தெரியும். நிறுவனத்தின் ஆள் தனேஷுக்கும் தெரியும்.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதில் பெருமை ஒன்றுமில்லை. லயத்தில் எல்லாருக்கும் விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுக்க ஒரு ஆள் கிடைத்தது, அவ்வளவுதான். நுண்ணுயிரியல் படித்துவிட்டு, ஈப்போவில் வீடு விற்கிறவர்களுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த அடுக்குமாடி வீட்டைப் படமெடுக்கத் தனேஷ் கூப்பிட்டான். "ஹால் நல்லா பெருசா தெரியணும் லா, வேற ஒண்ணும் வேணாம்," என்றான். படத்தை எங்கே ஒட்டப்போகிறார்கள் என்று கேட்டேன். சொன்னான். சரி என்றேன்.

முதல் நாள் கேமராவோடு வந்த சாதாரண லென்ஸை எடுத்துப் போனேன். நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஹாலில் பின்னால் நகர நகர முதுகு கதவில் இடித்தது. கதவைத் திறந்து வெளியே போனால் படிக்கட்டுச் சுவர். அந்த இடத்தில் முக்காலியின் கால்களை முழுதாக விரிக்க முடியவில்லை. படத்தில் கிடைத்தது ஒரு சுவரும் அரை ஜன்னலும்.

சிலிபினில் கல்யாண வீடியோ எடுக்கும் ரோய்ஸ்டன் அண்ணன் பழைய லென்ஸ் விற்பார். இரண்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இந்தப் பதினொண்ண எடு தங்கச்சி. மண்டபத்துல லைட்டு செத்துப்போனாலும் எடுக்கும். அது வெறும் பிளாஸ்டிக்கு லா."

"பிளாஸ்டிக்கு எதுல ஆரம்பிக்குதுண்ணே?"

"பத்துல. ஒரு மில்லிமீட்டர வச்சி என்ன பண்ணப்போற?"

"பத்தே குடுங்க."

"சரி. ஓரத்துல மட்டும் ஆள நிக்கவைக்காத, மூஞ்சி இழுத்துக்கும். பொண்ணு வீட்டுக்காரன் பாராங் கத்திய தூக்கிட்டு வருவான்."

பாதி விலை. அறுநூறு வெள்ளி. எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகப் பார்க்கும்; அந்த ஒரு மில்லிமீட்டரில் எனக்கு இன்னொரு சுவர் கிடைத்தது.

ஓரத்தில் மட்டுமல்ல, எங்கேயும் ஆளை நிறுத்தவில்லை. ஆள் இருந்தால் அறையின் அளவு தெரிந்துவிடும். பாலர் பள்ளிப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலி இரண்டும் குட்டி மேசை ஒன்றும் கொண்டுபோய் ஜன்னலோரம் போட்டேன். கேமராவை அவற்றுக்குத் தகுந்த உயரத்துக்கு இறக்கினேன். படத்தில் அது ஒரு கூடம் மாதிரி இருந்தது. நாற்காலி யோசனை தனேஷுடையது இல்லை, என்னுடையது.

பெரிதாக அச்சடித்துத் தோட்டத்து மாதா கோவில் பக்கத்தில் ஒட்டினார்கள். அப்பா வெகுநேரம் பார்த்தார். அப்போதே அவருக்குப் படி ஏற மூச்சு வாங்கும். அதனால் நேரில் போய்ப் பார்க்காமல் என்னைக் கேட்டார்.

"நீ போய் பாத்தியாம்மா?"

"பாத்தேன்ப்பா."

"அக்டோபர்ல நம்ம வீட்டு முறை வந்தா, ஜெபமாலைக்கு இருவது பேரு முட்டிபோட எடம் இருக்குமா?"

எங்கள் லயத்தில் அக்டோபர் முழுக்க வீட்டுக்கு வீடு ஜெபமாலை நடக்கும். முன்கூடத்தில் எத்தனை பேர் முட்டிபோடலாம் என்பதை வைத்துத்தான் அவர் எந்த வீட்டையும் அளப்பார். அந்த ஹாலில் ஆறு பேர் முட்டிபோடலாம். நான் காலடியால் அளந்திருந்தேன்.

"தாராளமா இருக்கும்ப்பா," என்றேன்.

மறுநாள் கையெழுத்துப் போட்டார். வாரக் கடைசிக்குள் பதினான்கு குடும்பமும் போட்டது.

ஏன் என்று கேட்பீர்கள். லயத்துக் கூரை ஒழுகியது. ஆஸ்பத்திரி தூரம். அப்பாவின் நெஞ்சு மழைக்காலத்தில் விசிலடிக்கும். அவருக்காகத்தான் செய்தேன். சிவநேசன் என்று ஒருவனோடு பழகிக்கொண்டிருந்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவன் அம்மா சந்திரமதி டீச்சர், "பிள்ளை, உங்கட வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். "ஈப்போதான் ஆன்ட்டி," என்றேன். அப்பா கையெழுத்துப் போடுவதற்கு இரண்டு மாதம் முன்பு அது, அப்போது லயத்தில்தான் இருந்தோம். அவர்கள் இன்றுவரை எங்கள் படி ஏறவில்லை.

குடிபோன பிறகு அப்பா கீழே இறங்கியதே குறைவு. ஒருநாள் விளம்பரத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலில் நின்றார்.

"இத எங்க நின்னு எடுத்திருப்பான்?"

காட்டினேன். அங்கே போய் முதுகைக் கதவில் ஒட்டிக்கொண்டு நின்றார். தாளைப் பார்த்தார், அறையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கெட்டிக்காரப் பய," என்றார். தாளை நாலாக மடித்து பைபிளுக்குள் வைத்தார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

குடிபோன ஒன்பதாம் மாதம் ஒரு காலையில் அப்பாவுக்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. அவர்கள்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்ட்ரெச்சர் வாசலில் திரும்பவில்லை. நேராக வைத்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள். "திரும்பாது கா," என்றான் ஒரு பையன். எனக்குத் தெரியும். முக்காலியே விரியாத இடம் அது. கடைசியில் சாப்பாட்டு நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். மூன்றாம் மாடி வருவதற்குள் தலை என் கைமேல் சாய்ந்துவிட்டது.

நிறுவனம் ஏமாற்றியது என்று, குடும்பங்கள் சார்பில் போட்ட மனுவில் எழுதியிருக்கிறீர்கள். தனேஷ் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்த அறையில் எத்தனை பேர் கொள்ளும் என்று தெரிந்துகொண்டே என் அப்பாவிடம் பொய் சொன்னவள் நான்.

ஏழாம் நாள் ஜெபமாலையை வீட்டிலேயே வைத்தோம். அப்பா படத்தை ஒரு நாற்காலியில் வைத்தோம். தோட்டத்துக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். ஹாலில் ஆறு பேர் முட்டிபோட்டார்கள். மற்றவர்கள் வாசலிலும் படிக்கட்டிலும், படிக்கு ஒருவராக, கீழ்மாடிவரை. கீழே இருந்தவர்களுக்கு ஜெபம் சரியாகக் கேட்கவில்லை. ஜெபமாலையின் ஒவ்வொரு மணிக்கும், மேலே இருந்தவர்களைக் கேட்டுக் கொஞ்சம் பிந்தியே பதில் சொன்னார்கள்.

தங்கை ஜோவானுக்குப் பிரசவமாகி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஜொகூரிலிருந்து வர முடியவில்லை. "அப்பா ஜெபத்துக்கு எடம் பத்துச்சாக்கா? ஒரு படம் அனுப்பேன்," என்று ஃபோனில் அழுதாள். பைக்குள் கைவிட்டேன். கைக்கு அந்த லென்ஸ்தான் வந்தது. பத்தில் வைத்து எடுத்தேன். அந்தப் படத்தில் அப்பாவைச் சுற்றி இன்னும் பதினைந்து பேருக்கு இடமிருக்கிறது. அவள் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள்.

படிக்கட்டு மட்டும் படத்தில் விழாமல் பார்த்துக்கொண்டேன்.